அண்ணர் எப்ப வாறார்?

பள்ளிமுனை, மன்னார்
19 ஜனவரி 2025

அன்பின் அண்ணாவுக்கு,

மாதாவின் காவலில் சுகமாக வந்து சேர்ந்தேன். உங்கள் முழங்கால் எப்படி? தொலைபேசியில் உங்களுக்கு ஒன்றும் கேட்காது, கைப்பேசியில் எழுத்துத் தட்டவும் பொறுமையில்லை. பேர்கனில் பேசிக்கொண்டபடி கடிதமே எழுதுகிறேன். போய்ச்சேர மூன்று கிழமை எடுத்தாலும் பரவாயில்லை.

வீடு நன்றாக வந்திருக்கிறது. அப்பா எனக்குச் சீதனமாக எழுதிவைத்த காணி. கலியாணம் நடக்கவில்லை, காணி மட்டும் மிஞ்சியது. இப்போது அதில் இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. கடற்பக்க அறை உங்களுக்கு. கதவும் போட்டாயிற்று. குழாய்த் தண்ணீர் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர்தான். மே மாதம் நீங்கள் வந்து கதிரையைப் போட்டு இருக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

அரசாங்கக் கச்சேரியில் ஒரு படிவம் நிரப்பப் போனேன். அங்கே இருந்த பெண்பிள்ளை என் கடவுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"எந்த நாடு அன்ரி?"

"நோர்வே."

"பிறந்த இடம்?"

"பள்ளிமுனை."

"அப்ப இஞ்ச எவ்வளவு காலம் தங்கப் போறியள்?"

"சாகுமட்டும்."

பிள்ளை பேனையைத் தூக்கிக்கொண்டு யோசித்தது. அப்படி ஒரு கட்டம் படிவத்தில் இல்லையாம். விசாவில் உள்ளபடி இரண்டு வருடம் என்று எழுதியது. நான் இப்போது இந்த ஊருக்கு வந்திருக்கும் வெளிநாட்டுக்காரி, அண்ணா. கேற்றடியில் படுக்கும் கழுதைகளுக்குக்கூட என்னைவிட உரிமை கூட.

முன்வீட்டு அந்தோனியம்மா தினமும் கேட்கிறா, "அண்ணர் எப்ப வாறார்?" என்று. மே மாதம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

குளிருக்குள் தொப்பியில்லாமல் வெளியே போகாதீர்கள்.

உங்கள் தங்கச்சி
யசிந்தா

*

பேர்கன்
12 பெப்ரவரி 2025

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் நேற்றுக் கிடைத்தது. எனக்குச் சுகம். முழங்கால் படி ஏறும்போது மட்டும் தன்னை நினைவுபடுத்துகிறது. உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

சில கேள்விகள். உப்பு எந்தப் போத்தலில் இருக்கிறது? நான் எடுத்தது சீனி. சலவை மெஷினை எந்த இலக்கத்தில் திருப்புவது? வெள்ளைச் சட்டை நாலும் இளநீலமாகிவிட்டன. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி? உன் மச்சாள் பிலோமினா செத்து இருபத்திரண்டு வருடம். நீ வந்து என் பிள்ளைகளையும் இந்தக் குசினியையும் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து நான் இங்கே ஒரு அலுமாரியைத் திறக்கவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

மகன் அனோஜன் ஒஸ்லோவிலிருந்து வந்து ஒரு கிழமை நின்று போனான். "அப்பா, மாமி இல்லாமல் நீங்கள் ஒரு மாதம் தாக்குப்பிடிப்பியளோ?" என்று தாளில் எழுதிக் காட்டிச் சிரித்தான். அவனுடைய பகிடியை நான் ரசிக்கவில்லை.

மே மாதம் கட்டாயம் வருகிறேன். நீ தனிய இருக்கிறாய் என்பதுதான் எனக்கு யோசனை. பயப்படாதே, இன்னும் கொஞ்ச நாள்தான்.

செபத்தில் என்னையும் சேர்த்துக்கொள்.

அண்ணா
டொமினிக்

*

பள்ளிமுனை
9 மார்ச் 2025

அன்பின் அண்ணாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் சட்டைகள் நீலமானதுக்குக் கவலை. உப்பு, நீல மூடிப் போத்தல். மெஷின் நாற்பதில். அரிசி ஒரு சுண்டு வேண்டாம், அரைச் சுண்டு போதும்.

ஒரு சைக்கிள் வாங்கியிருக்கிறேன். அறுபத்தொரு வயதில்! இரண்டு தரம் விழுந்தேன். மூன்றாம் தரம் பாலத்தடிவரை போய்வந்தேன். திரும்பும்போது எதிர்க்காற்று, பாவாடை முழுக்கக் கடல்மணல். காலையில் விழிப்பு வரும்போது எழும்புகிறேன். ஒருநாள் ஏழு மணி, ஒருநாள் ஒன்பது. நேற்றுப் பதினொரு மணிக்குத்தான் பாணும் சம்பலும் சாப்பிட்டேன். கட்டிலை மூன்று இடத்துக்கு மாற்றிப் பார்த்தாயிற்று.

உங்கள் அறை விஷயம். கதவு இறுகிவிட்டது என்று தச்சனிடம் கழற்றிக் கொடுத்தேன், கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. கதவில்லாத அறையில் உங்களைப் படுக்கவைக்க எனக்கு மனமில்லை. மே மாதம் என்று அவசரப்பட வேண்டாம். இன்னும் கொஞ்சம் பொறுத்து வரலாம்தானே.

படியில் பார்த்து இறங்குங்கள்.

யசிந்தா

*

பேர்கன்
2 ஏப்ரல் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே சுகம். மழை. நீ சைக்கிளில் ஓடித் திரிவது கேட்டு ஆச்சரியம். எலும்பை உடைத்துக்கொள்ளாதே, அங்கே உன்னைத் தூக்க ஆளில்லை.

கதவுக்காகவா நான் வராமல் இருப்பது? அறுபத்தாறு வயதுக் கிழவனுக்கு ஒரு சீலையைத் தொங்கவிட்டால் போதாதா? நான் யூன் மாதம் வருகிறேன். தச்சன் வராவிட்டால் நானே அவன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

பருப்புக் கறி வைத்தேன். அனோஜனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அது என்னவென்று கேட்டான்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்
அண்ணா

*

பள்ளிமுனை
28 ஏப்ரல் 2025

அண்ணாவுக்கு,

யூன் மாதம் சரிவராது. சோளகக் காற்றுத் தொடங்கினால் புரட்டாதிவரை நிற்காது, கண்ணுக்குள் மணல். தண்ணீரும் இப்போது உப்பு. வெக்கை தாங்க முடியாது, உங்கள் பிரஷருக்குக் கூடாது. விசாச் சட்டமும் மாறப் போகிறது என்று ஓட்டோக்காரத் தம்பி ஸப்ராஸ் சொன்னார். அவருக்கு யார் சொன்னது என்று தெரியாது. எல்லாம் தெளிந்த பிறகு யோசிப்போம்.

பூசைக்கு மணி அடிக்கிறது. போகிறேன்.

யசிந்தா

*

பேர்கன்
19 மே 2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடைசிக் கடிதத்தில் என் சுகம் கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. அதனால் நானே சொல்கிறேன், சுகம்.

உன் மூன்று கடிதத்தையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஜனவரியில் கதவு போட்டாயிற்று, மார்ச்சில் கதவில்லை. ஜனவரியில் தண்ணீர் நல்லது, ஏப்ரலில் உப்பு. குழாய்த் தண்ணீர் எப்படித் தங்கச்சி உப்பாகும்? எதிர்க்காற்றில் சைக்கிள் ஓடும் உனக்கு, எனக்கு மட்டும் ஏன் காற்றுக் கூடாது? எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை.

உனக்கு ஏதும் வருத்தமா? ஆஸ்பத்திரிக்குப் போகிறாயா? எனக்கு மறைக்காதே. அல்லது யாராவது உன்னை ஏமாற்றுகிறார்களா? காணியில் ஏதும் பிரச்சினையா? அனோஜன் உனக்குப் போன் எடுத்தால் "மாமி சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கிறா" என்று எனக்கு எழுதுகிறான். வருத்தக்காரி சிரிப்பாளா? எனக்கு இன்னும் குழம்புகிறது.

எது எப்படியோ, நீ தனிய எதையோ சுமக்கிறாய் என்று மட்டும் தெரிகிறது. அதனால் முடிவெடுத்துவிட்டேன். ஃபிளாட்டை விடுவதாக எழுதிக் கொடுத்தாயிற்று. செப்டெம்பர் நாலாம் திகதிக்கு டிக்கெட். தளபாடங்களை அனோஜன் எடுத்துக்கொள்வான்.

உன்னைத் தனிய விடமாட்டேன்.

அண்ணா
டொமினிக்

*

பள்ளிமுனை
8 யூலை 2025

அன்பின் அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. பதில் எழுத உட்காருவதும் எழும்புவதுமாகவே நாள் போனது. உங்களுக்குச் சுகமாக இருக்க வேண்டும், இதை வாசித்த பிறகும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவை மன்றாடிவிட்டு எழுதுகிறேன்.

எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. யாரும் ஏமாற்றவில்லை. கதவு ஜனவரியில் போட்டதுதான், ஒருநாளும் கழற்றவில்லை. தச்சன் பாவம், அவருக்கு இந்தக் கதையே தெரியாது. தண்ணீர் நல்ல தண்ணீர். எல்லாம் நான் சொன்ன பொய். ஒவ்வொரு பொய்யும் எழுதி முடிந்து உறையை ஒட்டும்வரை எனக்கு உண்மை போலவே இருந்தது.

எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன். வந்த முதல் மாதம் பகல் பன்னிரண்டானால் என் கை தானாக அரிசிப் பானைக்குப் போகும். யாருக்கு என்று நினைவு வந்ததும் நின்றுவிடுவேன். ஒருநாள் அப்படியே விட்டுவிட்டு விறாந்தையில் நிலத்தில் இருந்து ஒரு மாம்பழத்தைத் தோலோடு கடித்துச் சாப்பிட்டேன். சாறு முழங்கைவரை வடிந்தது. யாரும் பார்க்கவில்லை. "சாப்பாடு என்ன?" என்று யாரும் கேட்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே பயமும் வந்தது, இதென்ன விசர் பிடித்துவிட்டதா என்று.

பிறகு அந்தோனியம்மா "அண்ணர் எப்ப வாறார்?" என்று கேட்கும்போதெல்லாம் மே மாதம் என்று வாய் சொல்லும். உள்ளுக்குள் இன்னொருத்தி மே மாதத்துக்கு எத்தனை நாள் கிடக்கிறது என்று எண்ணுவாள். அது உங்களைப் பார்க்கும் ஆசையில் எண்ணிய எண்ணிக்கை இல்லை, அண்ணா.

மடுத் திருவிழாவுக்குப் போனேன். அந்தச் சனத்துக்குள் ஒரு மரத்தடியில் கதிரை போட்டுப் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்த இளம் சுவாமியிடம் போய் முழங்காலில் நின்றேன்.

"சுவாமி, என்ர அண்ணர் இஞ்ச வரவேண்டாமெண்டு நினைக்கிறன்."

"அவர் உங்களுக்கு என்ன செய்தவர் அம்மா? அடிச்சவரோ? குடிக்கிறவரோ?"

"ஐயோ இல்லைச் சுவாமி. நல்ல மனுசன். என்னை நோர்வேக்குக் கூப்பிட்டு எடுத்தவர். ஒரு சொல்லுக் கடுமையாச் சொன்னதில்லை."

"அப்ப ஏன்?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

சுவாமிக்கும் விளங்கவில்லை என்று நினைக்கிறேன். மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். நான் முப்பது சொன்னேன். அப்போதும் விளங்கவில்லை.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எட்டு மணித்தியாலம், வீட்டில் மிச்சம் எல்லா மணித்தியாலமும், இப்படி இருபத்திரண்டு வருடம் இருந்தேன். அது எனக்குப் பாரமாக இருந்ததா என்று நீங்கள் அன்றைக்குக் கேட்டிருந்தால் இல்லை என்று சத்தியம் பண்ணியிருப்பேன். பாரத்தை இறக்கிவைத்த பிறகுதான் தோள் இருக்கிறது என்றே தெரிகிறது. உங்கள் அறையில் இப்போது நான்தான் படுக்கிறேன், அண்ணா. அங்கேதான் கடற்காற்று.

நீங்கள் இந்த உலகத்தில் எனக்கு வேண்டும். ஆனால் இந்த வீட்டுக்குள் வேண்டாம். இரண்டும் ஒரே மனத்துக்குள் எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள்.

என்னைச் சபிக்காதீர்கள்.

யசிந்தா

*

பள்ளிமுனை
20 யூலை 2025

அண்ணா,

சுகமா? போன கடிதத்தைக் கிழித்து எறியுங்கள். வெக்கையில் எழுதியது. ஃபிளாட்டையும் விட்டுவிட்டு நீங்கள் எங்கே போவீர்கள்? அறையைக் கழுவி, என் கட்டிலை மற்றப் பக்கம் போட்டுவிட்டேன். செப்டெம்பர் நாலாம் திகதி ஏறுங்கள். கொழும்புக்கு ஸப்ராஸ் தம்பியின் வானைக் கொண்டு நான் வருவேன். வாங்கோ அண்ணா.

தங்கச்சி

*

பள்ளிமுனை
14 செப்டெம்பர் 2025

அண்ணாவுக்கு,

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாமல் உங்கள் சுகத்தை எப்படிக் கேட்பது? அனோஜனின் முகவரிக்கு அனுப்புகிறேன், அவன் உங்களிடம் சேர்ப்பானாம்.

யூலையிலிருந்து உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தபால்காரரை மூலையில் கண்டாலே கேற்றடிக்கு ஓடுகிறேன். ஐந்தாம் திகதி கொழும்புக்குப் போனேன். உங்கள் விமானம் எது என்று தெரியாமல் காலையிலிருந்து பின்னேரம்வரை வந்த எல்லா விமானத்துக்கும் வாசலில் நின்றேன். ஸப்ராஸ் தம்பி, "அன்ரி, நீங்கள் சொன்ன சாடையில மூண்டு பேரைப் பாத்திட்டன், ஒருத்தரும் உங்கட அண்ணர் இல்லை" என்றார். இரவே திரும்பினோம்.

அடுத்த நாள் அனோஜனுக்குப் போன் எடுத்தேன்.

"அப்பா வெளிக்கிட்டிட்டார் மாமி."

"எங்க வெளிக்கிட்டவர்?"

"அதைத் தானே உங்களுக்கு எழுதுவன் எண்டவர். என்னைக் கேக்க வேண்டாம், சத்தியம் வாங்கியிருக்கிறார்."

"சுகமா இருக்கிறாரோ? அதையாவது சொல்லு."

"ஓம் மாமி, சுகம். கோவமோ எண்டு கேட்டால், எனக்குத் தெரியாது."

நீங்கள் வரவில்லை என்பதில் எனக்கு நிம்மதி வரவேண்டும். வரவில்லை. நீங்கள் வந்திருந்தால் சந்தோசம் வந்திருக்குமா என்று கேட்டால் அதுவும் தெரியாது. இரண்டு நாளாகச் சைக்கிளைத் தொடவில்லை. அந்தோனியம்மாகூட இப்போது கேட்பதை நிறுத்திவிட்டா. என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறா.

ஒரு சொல் எழுதுங்கள். ஏச்சாக இருந்தாலும் சரி.

யசிந்தா

*

தலைமன்னார்
27 செப்டெம்பர் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

முத்திரையைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பாய். முதலில் தண்ணீர் குடி. எனக்குச் சுகம். நீயும் சுகம் என்று தெரியும், எப்படித் தெரியும் என்று பிறகு சொல்கிறேன்.

நான் மூன்று கிழமையாக இங்கே தலைமன்னாரில் இருக்கிறேன். இறங்குதுறைப் பக்கம் தங்கையா என்ற கடல்தொழிலாளி வீட்டின் பின்னறை. அனோஜனின் கூட்டாளி ஒருவன் ஒழுங்குபண்ணித் தந்தான். நீ விமானநிலையத்தில் காத்திருந்தாய் என்று அனோஜன் எழுதித்தான் அறிந்தேன். நான் இரண்டு நாள் பிந்தி வந்தேன், டிக்கெட்டை மாற்றியிருந்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

உன் யூலைக் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. ஒன்றில் வராதே, மற்றதில் வா. பக்கத்தில் பக்கத்தில் வைத்து எத்தனை நாள் பார்த்தேன் தெரியுமா? எது நீ என்று விளங்கவில்லை. வராதே என்ற கடிதம் நாலு பக்கம். வா என்ற கடிதம் ஆறு வரி. நீளமானதை நம்பினேன்.

கோபம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். பதினொரு தாள் எழுதிக் கிழித்தேன். இந்த மனுசிக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று. பிறகு, இந்த இருபத்திரண்டு வருடத்தில் உனக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்ட ஒரு நாளைத் தேடிப் பார்த்தேன். ஒரு நாள் நினைவு வந்தது. "இண்டைக்குச் சம்பலோ சொதியோ?" என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் எனக்காகக் கேட்டதுதான். அதற்குப் பிறகு எழுதச் சொல் வரவில்லை. அதனால்தான் மௌனம். உன்னைத் தண்டிக்க இல்லை.

ஆனால் தங்கச்சி, எனக்கும் இந்த மண்ணில் வந்து இருக்க ஆசை. அப்பா உனக்குச் சீதனமாகத் தந்தது பள்ளிமுனைக் காணியைத்தான், மன்னார்த் தீவு முழுவதையும் இல்லை. அதனால் தீவின் மற்ற நுனிக்கு வந்தேன். இங்கே சோறு நானே வைக்கிறேன். முதல் கிழமை தங்கையாவின் பெண்சாதி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, அதைக் கோழிக்குப் போடுங்கோ" என்று சைகை காட்டினா. இப்போது எட்டிப் பார்ப்பதில்லை. அது நல்ல அடையாளமா, கைவிட்டுவிட்டாவா என்று தெரியவில்லை. சில நாள் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்றே விளங்காமல் கட்டில் நுனியில் இருக்கிறேன். சில நாள் நன்றாகவும் இருக்கிறது.

போன செவ்வாய் மன்னாருக்கு வந்தேன். பஸ் நிலையத்தடிக் கடையில் நீ குடை விலை பேசிக்கொண்டு நின்றாய். எனக்குச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் தலையைப் பின்னால் எறிந்து சிரித்தாய். கடைக்காரனும் சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பு உன்னிடம் இருப்பது எனக்குத் தெரியாது. கூப்பிட வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அடுத்த கிழமை ஞாயிறு, ஒக்டோபர் ஐந்தாம் திகதி, பின்னேரம் நாலு மணிக்கு உன்னைப் பார்க்க வரலாமா? சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன். ஆறு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். சரிவராது என்றால் சரிவராது என்று எழுது. இந்தத் தடவை கதவு, தண்ணீர் ஒன்றும் வேண்டாம்.

உன் விருப்பம் எதுவோ அதற்குக் காத்திருக்கும்
அண்ணா
டொமினிக்

*

பள்ளிமுனை
2 ஒக்டோபர் 2025

அன்பின் அண்ணாவுக்கு,

கடிதம் இன்று காலை வந்தது. வாசித்துவிட்டு முதலில் உங்களுக்கு நல்ல ஏச்சு ஏசினேன். அந்தோனியம்மா ஓடிவந்து, "என்ன பிள்ளை, ஆருக்கு என்ன?" என்றா. "அண்ணர் வந்திட்டார்" என்றேன். "எங்க?" என்று விறாந்தையை எட்டிப் பார்த்தா. "தலைமன்னாரில" என்றேன். அவவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கப்படுத்த எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் படியில் இருந்து கொஞ்ச நேரம் அழுதோம். அவ ஏன் அழுதா என்று இன்னும் தெரியாது.

தபாலில் போட்டால் ஞாயிறு கழிந்துவிடும். ஸப்ராஸ் தம்பி நாளைக்கு அந்தப் பக்கம் சவாரி போகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். உரத்துக் கதைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நான் செய்தது சரியா பிழையா என்று எனக்கு இன்னும் தெளியவில்லை. நீங்கள் கோழிக்குச் சோறு போடுகிறீர்கள் என்று வாசித்தபோது பானையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா என்று கை துடித்தது. வரவில்லை. பிடித்து வைத்துக்கொண்டேன். அது எனக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது என்று நினைக்கிறேன், நிச்சயமாகத் தெரியாது.

ஞாயிறு நாலு மணிக்கு வாங்கோ. தேத்தண்ணி தருவேன். மழை வந்தால் ஆறு மணி பஸ்ஸை விட்டுவிட்டு ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம்.

ஒன்று மட்டும். முன்கதவு திறந்து கிடந்தாலும் நேரே உள்ளே வரவேண்டாம், அண்ணா. தட்டிவிட்டு வாசலில் நில்லுங்கோ. நான் வந்து உங்களை உள்ளே கூப்பிட வேண்டும்.

உங்கள் தங்கச்சி
யசிந்தா